மூளை அமைப்பும் அரசியல் சார்பும்: ஆய்வின் நம்பகமும் அறப்பொறுப்பும்

ஒருவர்தம் அரசியல் கருத்து அவருடைய சிந்தனையின் விளைவா, மூளை அமைப்பின் விளைவா என்னும் வினா, 2011இல் இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்றால் பெரிதும் பேசப்பட்டது. ரியோட்டா கனாய் முதலியோர் 90 மாணவர்களின் மூளையைக் காந்த ஒத்ததிர்வுப் படங்களின்வழி அளந்தனர். தம்மைத் தாராளவாதிகள் எனக் குறித்தோரிடம் முன்புறச் சிங்குலேட் புறணியின் சாம்பல்நிறப் பொருள் மிகுந்தும், பழமைவாதிகள் எனக் குறித்தோரிடம் வலப்புற அமிக்டலா பெருத்தும் இருக்கும் போக்குக் காணப்பட்டது. முன்னது முரண்பட்ட செய்திகளைக் கையாள்வதிலும், பின்னது அச்ச உணர்விலும் பங்கு கொள்வன. ஆதலின், பழமைவாதம் அச்சத்தின் பிள்ளை என முடிவு கட்டுவாரும் உளர்.

இம்முடிவு எத்துணை உறுதியானது? நெதர்லாந்தில் 928 பேரின் மூளைப் படங்களைக் கொண்டு நிகழ்த்தி 2024இல் வெளியான ஆய்வில், அமிக்டலாவைப் பற்றிய தொடர்பு மிக நலிந்த அளவிலேயே புலப்பட்டது. சிங்குலேட் புறணியைப் பற்றிய தொடர்பு புலப்படவே இல்லை. பலரின் சராசரியில் தோன்றும் இத்துணைச் சிறிய வேறுபாட்டைக் கொண்டு தனியொருவரின் சார்பைக் கணித்தல் இயலாது. மேலும், அமிக்டலா அச்சத்திற்கு மட்டுமே உரிய உறுப்பும் அன்று.

ஒட்டுறவு வேறு, காரணம் வேறு. இலண்டன் நகர வாடகைக்கார் ஓட்டுநராகப் பயின்று தேர்ச்சி பெற்றோரின் ஹிப்போகாம்பசுப் பின்பகுதியில் சாம்பல்நிறப் பொருள் மிகுந்ததை 2011இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது. பயிற்சி மூளையை மாற்றுமெனின், நெடுநாள் அரசியல் ஈடுபாடும் அதனை மாற்றியிருத்தல் கூடும். எது முந்தியது என்பதை ஒருமுறை எடுத்த படம் உணர்த்தாது.

தொடர்பு ஐயமற நிறுவப்படினும் அறவினா எஞ்சி நிற்கும். கணக்கைச் சரியாகப் போடுபவர்க்கும் பிழையாகப் போடுபவர்க்கும் மூளையே கருவி. விடையின் சரி பிழையை மூளைப்படம் காட்டாது; கணக்கைச் சரிபார்த்தலே காட்டும். அரசியல் கருத்தும் அத்தகையதே. வரி நீதியானதா, சட்டம் தீங்கற்றதா என்பன காரணங்களால் ஆராயத்தக்கவை. மாற்றுக் கருத்தினரை 'அவர் மூளை அத்தகையது' என ஒதுக்குவோர், அவரை வாதிடற்குரிய மனிதராக மதிக்கத் தவறுகின்றனர். அவ்வாறு ஒதுக்குவோரின் கருத்தும் ஒரு மூளையிலிருந்தே பிறக்கிறது. அவ்வளவுகோல் உண்மையாயின் அவர் கருத்தும் அதற்குத் தப்பாது.

எனினும், இவ்வாய்வுகள் பயனற்றன அல்ல. அச்சம் தீர்ப்பைச் சாய்க்கக்கூடும் என்னும் எச்சரிக்கையை அவை தருகின்றன. அவ்வெச்சரிக்கையைப் பிறர்மீது ஏவாது, தன் கருத்தைத் தானே ஆராயப் பயன்படுத்துவதே அறிவுடையார் கடன்.