காட்டின் கணக்கும் கடமையும்

தான் வெட்டப்போகாத மரத்தை நடுபவனுக்கும், தான் நடாத மரத்தை வெட்டுபவனுக்கும் இடையேயுள்ள உறவு யாது? இருவரும் ஒருவரையொருவர் காண்பதில்லை. அவர்களிடையே ஒப்பந்தமும் இல்லை. ஆயினும் ஒருவரது செயலால் மற்றவர் வாழவும் கூடும், வறுமையுறவும் கூடும். காட்டியலின் அடிப்படை அறப்பிரச்சினை இதுவேயாகும்.

சக்சனியின் சுரங்க நிருவாகியான ஹான்ஸ் கார்ல் வொன் கார்லோவிற்ஸ் 1713 ஆம் ஆண்டில் இதற்கொரு விடை கூறினார். உலோகம் உருக்கும் உலைகள் காடுகளை விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. மீள வளரும் அளவுக்கு மேல் வெட்டலாகாது என்பதே அவர் கருத்தின் சாரம். எனினும், எவ்வளவு வளரும் என்பதை அறியாதவிடத்து அவ்விதி வெறும் நல்லெண்ணமாகவே நின்றுவிடும்.

மர உயர வளர்ச்சி மாதிரிகள் இவ்விடத்திலேயே அறத்தோடு தொடர்புறுகின்றன. ஒரே வயதுடைய பைனஸ் தோட்டத்தில் மரங்களின் பருமன் நெருக்கத்துக்கேற்பப் பெரிதும் வேறுபடும். மேலோங்கிய மரங்களின் உயரமோ அத்துணை வேறுபடுவதில்லை. ஆகவே, குறித்தவொரு வயதில் அவை எட்டும் உயரம் நிலத்தின் தரத்தைக் காட்டும் சுட்டியாகக் கொள்ளப்படுகின்றது. இளமையில் மெதுவாகவும், பின்னர் விரைவாகவும், முதுமையில் மீண்டும் மெதுவாகவும் உயரம் கூடுவதை ஒரு வளைகோடு காட்டும். எதிர்கால விளைவும் வெட்டும் வயதும் அதனைத் துணைக்கொண்டே கணிக்கப்படுகின்றன.

நிலத்தின் தரம் உயர்வாக மதிக்கப்பட்டால், வளராத மரம் வளரும் எனக் கருதி அளவுக்கு மேல் வெட்ட அனுமதி வழங்கப்படும். அத்தவறு பல்லாண்டுகளின் பின்னரே வெளிப்படும். கணித்தவர் அப்போது பதவியில் இரார். இழப்பைச் சுமப்பவர் கணித்த நாளிற் பிறந்திருக்கவும் மாட்டார். மேலும், வளைகோடு கடந்தகால மரங்களிலிருந்து வரையப்பட்டது. காலநிலை மாறும்போது வருங்கால மரம் அதற்குக் கட்டுப்படும் என்ற உறுதியில்லை. எனவே, கணிப்போடு அதன் வழுவெல்லையையும் அறிவித்தல் புள்ளிவிபரவியலின் வழக்கம் மட்டுமன்று, நேர்மையின் கடனுமாகும்.

எனினும் கணக்குக்கும் ஓர் எல்லையுண்டு. உள்ளதைக் கூறும் கூற்றுகளிலிருந்து மட்டும் செய்யவேண்டியதைப் பெறமுடியாது என்னும் பிரச்சினையை டேவிட் ஹியூம் 1740 இல் எழுப்பினார். பைனஸ் எவ்வளவு உயரும் என்பதை மாதிரி கூறும். அவ்விடத்தில் பைனஸ் நிற்கவேண்டுமா என்பதைக் கூறாது. 19 ஆம் நூற்றாண்டில் ஜேர்மனியில் ஒரேயின மரங்கள் வரிசையாய்ப் பெருகியபோது, கணக்கிட எளிதான காடே நல்ல காடு என்ற மயக்கமும் உடன்வளர்ந்தது. புயலும் பூச்சியும் அம்மயக்கத்தைக் கலைத்தன.

இலங்கையின் மலைநாட்டுப் புற்றரைகளிலும் கைவிடப்பட்ட தேயிலை நிலங்களிலும் நடப்பட்ட கரிபியன் பைனஸ் இவ்வினாவை அண்மைக்குக் கொணர்கின்றது. தீயும் நீர்வளமும் பற்றிய கண்டனங்கள் அதனைத் தொடர்ந்தன. ஆனால், சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் பேராதனை, யேல் பல்கலைக்கழக ஆய்வாளர் வேறொரு வினாவை எழுப்பினர். பைனஸ் வரிசைகளுட் சில அகற்றப்பட்ட இடைவெளிகளில், மழைக்காட்டுக்குரிய சுதேச இனங்களின் நாற்றுகள் மூடிய நிழலிலும் சிறப்பாக வளர்ந்தமையை 1997 இல் அவர்கள் வெளியிட்டனர். அங்கு பைனஸ் விளைபொருளன்று, செவிலித்தாய். அளக்கும் முறை அதுவே, மாறியது நோக்கமே.

வருங்காலத்தவர் வந்து நியாயம் கேட்கமாட்டார். அதனாலேயே அவர்க்குரிய கடமை குறைவதில்லை. அளவறியாது காட்டைக் காக்க முனைதல் பேதைமை. எதற்காக அளக்கின்றோம் என வினவாது அளத்தல் அதனினும் பெரும் பேதைமை.