சொல்லாமலே புரியணுமா?

எங்கள் பக்கம் "பாக்கேன்" என்று ஒரு சொல் உண்டு. மேலநீலிதநல்லூரிலிருந்து அம்மா போன் போட்டு, "சங்கரன்கோவில் ஆடித்தபசுக்கு வாரியாய்யா?" என்று கேட்பார். பெங்களூரில் இருக்கிற மகன் "பாக்கேம்மா" என்பான். லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்தால் கண்டிப்பாக வருவேன் என்பது அவன் மனதில். வர மாட்டான் என்பது அம்மா காதில். "சரிப்பா" என்று வைத்துவிடுவார். அந்தச் 'சரி'யில் வருத்தம் இருந்ததா என்று இவன் ராத்திரி முழுக்க யோசிப்பான். யாரும் பொய் சொல்லவில்லை, பிரியத்திலும் குறைவில்லை. பிறகு எங்கே பிசகுகிறது?

1990இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். ஒருவர் பிரபலமான பாட்டு ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, அதன் தாளத்தை மட்டும் மேஜையில் தட்டுவார். எதிரே இருப்பவர் என்ன பாட்டு என்று சொல்ல வேண்டும். பாதியையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். 120 பாட்டுகளில் பிடிபட்டவை 3. தட்டுகிறவர் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரே இருப்பவருக்குக் கேட்பது வெறும் டொக் டொக்.

நெருங்கியவர்களிடம் இந்த நம்பிக்கை இன்னும் கூடுகிறது. கென்னத் சாவிட்ஸ்கியும் நிக்கோலஸ் எப்லி முதலானவர்களும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டுகிறது. பல அர்த்தம் தரும் வாக்கியங்களைச் சொன்னவர்கள், அந்நியரைவிட நண்பர், வாழ்க்கைத்துணை விஷயத்தில்தான் 'புரிந்திருக்கும்' என்று அதிகமாக ஏமாந்தார்கள்.

நாமோ குறிப்பறிதலைக் கொண்டாடுகிறவர்கள். குறளில் அந்தத் தலைப்பில் இரண்டு அதிகாரங்கள் இருக்கின்றன. 71ஆவது, மன்னரிடம் பழகும் முறையைச் சொல்லும் அதிகாரத்துக்கு அடுத்து வருகிறது. 110ஆவது, காதல் இப்போதுதான் தொடங்கியிருக்கிற களவியலில். முதலாவதில் பயம், இரண்டாவதில் ஆவல். இரண்டிலுமே எதிராளியை இன்னும் முழுசாகத் தெரியாது. அதனால்தான் அவ்வளவு கவனம். கற்பியலுக்கு வந்தால் தலைப்பே 'குறிப்பறிவுறுத்தல்' என்று மாறுகிறது. புலவி நுணுக்கத்திலோ, இந்தப் பிறவியில் பிரிய மாட்டேன் என்று அவன் சொல்ல, அப்படியானால் அடுத்த பிறவியில்? என்று அவள் கண் கலங்குகிறாள். எனக்கு இதில் ஒரு வரிசை தெரிகிறது. பழகப் பழக, தானாகப் புரிவது குறைகிறது. புரியவைக்க வேண்டியது கூடுகிறது.

"கேட்டு வாங்குறது ஒரு பாசமா?" என்று கேட்கலாம். சொல்லாமலே புரிந்துகொள்ளப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை உரிமையாகக் கேட்கும்போது, எதிராளிக்கே தெரியாமல் அவருக்குப் பரீட்சை வைக்கிறோம். ஃபெயில் ஆனால் தண்டனையும் நாமே கொடுக்கிறோம்: பேசாமல் இருப்பது, ரெண்டு வாரம் போன் எடுக்காமல் இருப்பது.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு முதலில் சொல்லித்தருவது, செய்தி போய்ச் சேர்ந்ததற்கு வரும் ஒப்புதல் அது புரிந்ததற்கான ஒப்புதல் ஆகாது என்பது. நீல டிக்கும் அம்மாவின் 'சரிப்பா'வும் அந்த வகைதான். "லீவு கேட்டிருக்கேன்மா, வெள்ளிக்கிழமை தெரியும்" என்று சொல்ல ஐந்து விநாடி ஆகும். அவரைத் தெரியும் என்று நினைத்துத்தான் அந்த ஐந்து விநாடியை மிச்சம் பிடிக்கிறோம்.