கடல் பார்த்தல்

தமிழில் 'கடலைப் பார்க்கப் போகிறேன்' என்பதும் 'கடலுக்குப் போகிறேன்' என்பதும் வேறுவேறு மனிதர்கள் சொல்வது. முதலாவதைச் சொல்கிறவன் நான். மே மாத ஞாயிறொன்றில் மயிலாடுதுறையில் முதல் பஸ்ஸைப் பிடித்தேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணக் கூட்டம் இறங்கிக்கொள்ள, தரங்கம்பாடிக்கு மிஞ்சியது நாலைந்து பேர். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய கோட்டை, முன்புறத்தைக் கடலுக்குக் கொடுத்த மாசிலாமணிநாதர் கோயில், கட்டிப்போட்ட படகுகள். அப்படியொரு நிசப்தம்.

அழகனுபவத்துக்கு ஒரு மனத்தூரம் வேண்டும் என்று 1912-இல் எட்வர்ட் புல்லோ எழுதினார். அவர் தந்த உதாரணமே கடலில் இறங்கும் மூடுபனி: கப்பலில் இருப்பவன் ஆபத்தை ஒதுக்கிவிட்டுப் பனியை மட்டும் பார்த்தால் அது அழகு. பயம் மாலுமிக்கும் உண்டு என்பதை அவர் விட்டுவிடவில்லை. என் கேள்வி அதற்கு அடுத்தது: அந்தத் தூரத்தை எடுத்துக்கொள்ள யாருக்கு ஒழிகிறது?

மீனவர் கடலைப் பார்க்காதவர் அல்ல. வாடையா கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் என்று நம்மைவிட நுணுக்கமாகப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் தூரம்தான் இல்லை. வலையைச் சீர்செய்துகொண்டிருந்த பெரியவர் 'யாரப் பாக்க வந்தீங்க தம்பி?' என்றார். கடலை என்றேன். அங்கே ஏதாவது தெரிகிறதா என்று அவரும் திரும்பிப் பார்த்தார்.

நிசப்தத்துக்குக் காரணம் உண்டு. மீன் இனப்பெருக்கத்துக்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பாங்கில் நகைக்கடன் மேஜையில் உட்காருகிறவனுக்கு இந்த மாதங்கள் வேறுவிதமாகவும் தெரியும். தோடு, மூக்குத்தி, சில சமயம் தாலிக்குண்டு. படகு அசையாத நாட்கள் அங்கே கிராம் கணக்கில் வந்து சேர்கின்றன.

அப்படியானால் அன்றைய என் லயிப்பு பொய்யா? முற்போக்கு நண்பர்கள் ஆம் என்பார்கள். பரிதாபம் கலந்து எழுதச் சொல்வார்கள். எனக்குச் சம்மதமில்லை. பரிதாபமும் கரையில் நின்று பார்ப்பதுதான். கூடவே தன்னைப் பற்றி ஒரு நல்லெண்ணமும் ஒட்டிக்கொள்கிறது. லயிப்பு லயிப்புதான். அதை ஊரின் அமைதி என்று எழுதுவது வேறு.

நம் கவிதைகளில் கடல் முடிவின்மையாகவோ சூன்யமாகவோ விரிய, ஓரத்தில் ஒரு கட்டுமரம் புள்ளியாக நிற்கும். (இன்று கரையில் கிடப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள், எஞ்சின் சத்தம் கவிஞர்களை இன்னும் எட்டவில்லை.) 2004 டிசம்பர் 26 அன்று இதே கரையில் கடல் ஊருக்குள் வந்து உயிர்களைக் கொண்டுபோனது. அதற்குப் பின்னும் 'கடலின் மௌனம்' என்று எழுதலாமா என்றால், எழுதலாம். ஆனால் அந்த மௌனத்துக்குச் சொந்தக்காரன் யாரென்று தெரிய வேண்டும். பார்த்தவன் பஸ்ஸில் வந்தவன், பத்தரை மணிக்குத் திரும்புகிறவன் என்பது வரிகளுக்குள் எங்காவது இருந்தால் எனக்குப் போதும். இல்லாத கவிதைகளை, எவ்வளவு செப்பமாக இருந்தாலும், இப்போதெல்லாம் இரண்டாம் முறை படிப்பதில்லை.