தாங்குகிற கையும் தீர்மானிக்கிற வாயும்

‘நொண்டி’ என்று கூப்பிடுகிறவனோடு சண்டை போட்டுவிடலாம். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே, ‘பாவம், இவனுக்கு என்ன வேணும்?’ என்று என் அப்பாவிடம் கேட்கிறவனை என்ன செய்வது? இளம்பிள்ளைவாதத்தில் இரண்டு காலையும் இழந்த சேரிக்காரன் நான். எதுவரை படிக்கலாம், கல்யாணம் தேவையா, உதவித்தொகைப் பணம் யார் கையில் இருக்கவேண்டும், எல்லாமே என்னைச் சுற்றி உட்கார்ந்து பேசி முடிவானவைதான். பேசியவர்கள் பாசக்காரர்கள். சோறு போட்டவர்கள், தூக்கிச் சுமந்தவர்கள். என்னைக் கேட்கவேண்டும் என்றுதான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உசிலம்பட்டிப் பக்கத்து ஆட்களுக்கு இது புது நியாயம் அல்ல. 1996இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சித் தலைவர் பதவிகள் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்து வருசம் ஒழுங்காக ஒரு தேர்தல் நடக்கவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆள் இல்லாமல் பார்த்துக்கொண்டார்கள். மீறி ஒருவர் ஜெயித்தால் அவர் ஊர் நிறுத்திய ஆளாக இருப்பார், ஜெயித்த கையோடு ராஜினாமா செய்வார். 2006 அக்டோபரில்தான் தேர்தல் நடந்து தலைவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அந்தப் பத்து வருசமும் டீக்கடைகளில் சொல்லப்பட்ட நியாயம் இதுதான்: வேலை குடுக்குறது நாங்க, நல்லது கெட்டதுக்கு நிக்கிறது நாங்க, அவங்களுக்கு எதுக்குத் தலைவர் பதவி? பராமரிக்கப்படுகிறவன் முடிவெடுக்கக் கூடாது என்பதே இதன் சாரம். ஊர் இதைச் சொன்னபோது நமக்குக் கோபம் வந்தது. அதையே நம் வீட்டுத் திண்ணையில் நாம் சொல்லும்போது அதற்குப் பெயர் பாசம்.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்கும் சட்டத்திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வரவேற்கிறேன். ஆனால் நியமனம் என்ற சொல்லின் ருசி நமக்குத் தெரியும். இரட்டைமலை சீனிவாசன் 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமன உறுப்பினராகத்தான் போனார். அவரும் அம்பேத்கரும் வட்டமேசை மாநாட்டில் கேட்டது நியமனத்தை அல்ல, நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்கும் உரிமையை. (மாற்றுத்திறனாளி என்ற பெயரும் மேலிருந்து வந்ததுதான். ஹரிஜன் என்ற பெயரைச் சுமந்து பார்த்தவர்களுக்கு அதைப்பற்றி அதிகம் விளக்கவேண்டியதில்லை.)

சுதந்திரமாக வாழ்வது என்றால் யார் உதவியும் இல்லாமல் வாழ்வது என்று நம் தோழர்களே நினைக்கிறார்கள். தன் கையே தனக்குதவி என்று எனக்கு உபதேசம் பண்ணியவர்கள் ஏராளம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். பண்ணையார் என்றைக்காவது தன் கையால் தண்ணீர் மொண்டு குடித்தாரா? துணி துவைக்க ஒருவர், முடி வெட்ட ஒருவர், மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ள நம் ஆத்தாமார். அவரை யாராவது ‘பிறரைச் சார்ந்து வாழ்கிறவர், பாவம்’ என்றார்களா? சார்ந்திருப்பதில் அவமானம் இல்லை. யார் உத்தரவு போடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அமெரிக்காவில் எட் ராபர்ட்ஸ் என்றொருவர் இருந்தார். போலியோவில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர், இரவில் இரும்பு நுரையீரல் எந்திரத்துக்குள் படுப்பவர். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். 1972இல் அவரும் கூட்டாளிகளும் அங்கே சுதந்திர வாழ்க்கை மையம் தொடங்கினார்கள். உடம்பை அசைக்க அடுத்தவர் கை வேண்டும், அந்தக் கையை அமர்த்துவதும் வேலை சொல்வதும் நாங்கள் என்றார்கள். இவனால் ஒரு வேலைக்கும் போகமுடியாது என்று அவரை ஒதுக்கிய மாநில மறுவாழ்வுத் துறைக்கே 1975இல் அவர் இயக்குநர் ஆனார். எங்கே, யாரோடு வாழ்வது என்பதை ஊனமுற்றவரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு சொல்கிறது. இந்தியா அதை 2007இல் ஏற்றுக்கொண்டது.

சரி, அந்தக் கை யாருடைய கை? இந்த இடத்தில் பெர்க்லிக்காரர்களுக்கு வராத சிக்கல் நமக்கு வருகிறது. மலம் அள்ளவும் மேல் கழுவவும் ஆள் தேடினால் இந்த நாடு எந்தத் தெருப்பக்கம் பார்க்கும் என்று எல்லோருக்கும் தெரியும். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க 1993இல் ஒரு சட்டம், போதாமல் 2013இல் இன்னொன்று. மேல்சாதி ஊனமுற்றவரின் சுதந்திரம் நம் பெண்களின் முதுகில் ஏறி உட்கார்ந்துவிடக் கூடாது.

நம் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? என்னைக் குளிப்பாட்ட, கக்கூசுக்குத் தூக்கிப் போக, இருபது வருசமாக அக்காதான். கூலி கிடையாது, லீவு கிடையாது. வருவாய்த் துறை தரும் உதவித்தொகை 2023 ஜனவரியில் 1,000இலிருந்து 1,500 ரூபாய் ஆனது. ஒரு நாளைக்கு ஐம்பது ரூபாய். இதில் நான் சாப்பிடுவதா, ஆள் வைப்பதா? உதவியாளருக்கு அரசு முழுக் கூலி கொடுக்கட்டும், சாதி பார்க்காமல் எல்லோரும் வந்து பார்க்கும் உத்தியோகமாக அது மாறட்டும், ஆளை நான் தேர்ந்தெடுக்கிறேன். இதை எழுதி அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். “கூலி குடுக்கச் சொல்லுடா, நானே பாக்குறேன். ஆனா ஞாயித்துக்கெழம வரமாட்டேன், வேற ஆளப் பாத்துக்க” என்றது.