இடையாளின்றித் தொடங்குதல்

கணினியொன்றின் மின்விசையை அழுத்தும்போது முதலில் விழித்தெழுவது அதன் பணிசெயல் முறைமை அன்று. அம்முறைமையின் உட்கருவாகிய கேர்னல் வட்டிலே செயலற்றுக் கிடக்கின்றது. தன்னைத் தானே நினைவகத்தில் ஏற்றிக்கொள்ளும் ஆற்றல் அதற்கில்லை. பிறிதொன்று அதனைக் கொணர்ந்து இருத்துதல் வேண்டும். அப்பிறிதொன்றைக் கொணர்வது யாது என்ற வினா உடனே எழும். இந்திய அளவை நூலார் அநவத்தை என்று குறிப்பிடும் முடிவிலா ஓட்டம் இது. கணினியில் இவ்வோட்டம், தாய்ப்பலகையிலுள்ள சில்லொன்றில் உற்பத்தியாளர் பதித்துவைத்த நிலைபொருளில் வந்து நின்றுவிடுகின்றது. அதற்கு முன் யாது என்று பயனாளர் கேட்பதில்லை. கேட்க வேண்டுமா என்பதே இக்கட்டுரையின் வினா.

1981ஆம் ஆண்டு வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினியில் பயோஸ் என்னும் நிலைபொருள் வட்டின் முதற்பகுதியாகிய 512 பைற்றுகளை மட்டுமே படித்து, அதனிடம் ஆட்சியை ஒப்படைத்து விலகிவிடும். அத்துணைச் சிறிய இடத்தில் பெரிய கருவொன்றைத் தேடி எடுக்கும் அறிவை அடக்குதல் அரிது. எனவே பூட் லோடர் எனப்படும் இடையாள் தோன்றினான். நிலைபொருளுக்குக் கேர்னலைத் தெரியாது. கேர்னலுக்கு நிலைபொருளின் வாசலில் நேரே நிற்கத் தெரியாது. இருவர் மொழியையும் அறிந்தவன் இவன் ஒருவனே.

இவ்விடையாளை அகற்றும் முயற்சிகள் பல நடந்தன. லினக்ஸ் கேர்னலின் தொடக்ககாலப் பதிப்புகள் நெகிழ்வட்டிலிருந்து நேரே எழக்கூடியனவாயிருந்தன. 2003ஆம் ஆண்டு இறுதியில் வெளியான 2.6ஆம் பதிப்பு அவ்வசதியைக் கைவிட்டது. 1999இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் ரொன் மின்னிச் தொடங்கிய லினக்ஸ்பயோஸ் திட்டம், கேர்னலை நிலைபொருட் சில்லிலேயே குடியேற்ற முனைந்தது. பின்னர் யூ.ஈ.எப்.ஐ. என்னும் புதிய நிலைபொருள் பரவவே, 2012இல் வெளிவந்த 3.3ஆம் கேர்னல், நிலைபொருள் தானே நேரில் இயக்கத்தக்க நிரலின் வடிவத்தைத் தானும் பூண்டது. ஒரு படி குறைந்தது. அப்படியில் நிகழக்கூடிய பிழைகளும் குறைந்தன. பொறியியல் நோக்கில் இது நன்றே. எனினும் இடையாள் நீங்கியமையால் நம்பிக்கைச் சிக்கலும் நீங்கிற்று என்று கருதுவோர் உளர். அக்கருத்து ஆராயத்தக்கது. அதற்கு மாத்தளை மாவட்டத்தின் வரலாறு இரு சான்றுகளைத் தருகின்றது.

மாத்தளை நகருக்கு வடக்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் ஏட்டில் எழுதப்பட்ட இடம் இதுவென்பது மரபு. பஞ்சமும் படையெடுப்பும் ஓதுவாரை அழித்துக்கொண்டிருந்த காலம் அது. மகாநித்தேசம் என்னும் நூலை முழுதும் அறிந்த துறவி ஒருவரே எஞ்சியிருந்தார் என்றும், அவர் ஒழுக்கங் குன்றியவராதலின் அவரிடம் பாடங் கேட்க மற்றவர் தயங்கினர் என்றும் விநய உரை கூறுகின்றது. அறம் உரைக்கும் நூலை அறம் பிழைத்தவன் வாயிலாகவே பெற வேண்டிய இக்கட்டு எத்தகையது! ஏடு இவ்விக்கட்டைத் தீர்த்தது. ஆயினும் தீர்த்தவாறு யாது? ஓதுவார் மீதிருந்த நம்பிக்கை எழுதுவார் மீது சென்றது. ஓதுகையில் ஒருவர் தவறினால் உடனிருப்போர் இடைமறித்துத் திருத்துவர். ஏட்டில் புகுந்த தவறோ பிற ஏட்டோடு ஒப்புநோக்கும் வரை மறைந்தே கிடக்கும். அலுவிகாரையின் ஏட்டுத்தொகுதி 1848ஆம் ஆண்டு மாத்தளைக் கிளர்ச்சியின்போது அழிந்தது. நூல் அழியாதிருந்தமைக்குக் காரணம் அதன் படிகள் பல நாடுகளிற் பலர் கையில் இருந்தமையே.

இரண்டாவது சான்று அண்மைக்காலத்தது, வேதனை மிக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோப்பித் தோட்டங்களுக்கென அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளர் மன்னார்க் கரையிலிறங்கி, காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். வழியில் வாந்திபேதிக்குப் பலியானோர் பலர். அவர்களை ஊரிலிருந்து திரட்டியவன் கங்காணி. துரையின் மொழி தொழிலாளிக்குத் தெரியாது. தொழிலாளியின் துன்பம் துரைக்குத் தெரியாது. இடையே நின்ற கங்காணி, பெரும்பாலும் அவ்வூரவனாகவோ உறவினனாகவோ இருந்து, பேச வேண்டிய இடத்திற் பேசியவனும் ஆவான். முன்பணத்தைக் கடனாக்கி, அக்கடனால் தொழிலாளியைப் பிணித்தவனும் ஆவான். பெரட்டுக்கு வந்தோர் தொகைக்கேற்ப அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக்கொடுத்த துண்டு, மனிதரைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றும் சீட்டாயிற்று. 1921இல் சட்டம் துண்டு முறையைத் தடைசெய்தது. நன்றே.

ஆனால் கங்காணியின் பிடி தளர்ந்தபின் தொழிலாளி யார் முன்னிலையில் நேரே நின்றான்? தோட்டத்துச் செக்ரோலின் முன்னும், பின்னர் அரசின் பதிவேட்டின் முன்னும் நின்றான். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவனிடமும், அவன் தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமைக்குச் சான்று வேண்டிற்று. அத்தகைய சான்று லயத்து அறைகளிற் பெரும்பாலும் இருந்ததில்லை. உழைப்புக்கு எவரும் சான்று கேட்கவில்லை என்பது வேறு கதை. கொடிய இடையாளோடு வழக்காடலாம், கெஞ்சலாம், அவனை விட்டு வேறொருவனிடம் ஓடியும் போகலாம். பதிவேட்டோடு அவ்வாறு செய்தல் இயலாது.

கணினியிலும் நிகழ்ந்தது இதற்கு ஒப்பானதே. பூட் லோடரை நீக்கியவிடத்து, அதன்மேல் வைத்த நம்பிக்கை முழுவதும் நிலைபொருளின் மேற் சென்று குவிகின்றது. பூட் லோடர் பலரும் படித்துத் திருத்தக்கூடிய திறந்த நிரலாக இருந்தது. 2020இல் வெளிப்பட்ட பூட்ஹோல் என்னும் குறை அவ்வாறு திருத்தப்பட்டதே. நிலைபொருளோ பெரும்பாலும் மூடப்பட்டது. 2023இல் வெளிப்பட்ட லோகோபெயில் குறைகள், தொடக்கத்தில் நிறுவனச் சின்னத்தைத் திரையிற் காட்டும் நிலைபொருட் பகுதியிலேயே அமைந்திருந்தன. தாம் முழுதும் ஆக்காத நிரலை நம்புவதற்கு உறுதியான வழியில்லை என்று கென் தொம்சன் 1984இல் ட்யூறிங் பரிசுரையில் வாதிட்டார். அவர் தொகுப்பியை எடுத்துக்காட்டினார். அவ்வாதம் நிலைபொருளுக்கும் பொருந்தும்.

இனி, செக்கியுர் பூட் என்னும் காவல் முறை, ஒப்பமிடப்பட்ட நிரலை மட்டுமே எழ விடுகின்றது. சந்தைக்கு வரும் கணினிகளிற் பெரும்பாலானவற்றில் மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் திறவுகோல் முன்னரே பதிக்கப்பட்டிருக்கின்றது. கள்ள நிரலைத் தடுப்பதற்குக் காவல் தேவை. அதனை மறுப்பது பேதைமை. ஆயினும் காவற்காரனை அமர்த்துபவர் யார் என்பதிலேயே அறம் தங்கியுள்ளது. சாதாரண தனியாள் கணினிகள் பலவற்றில் உரிமையாளர் அக்காவலை நிறுத்தலாம். தம் சொந்தத் திறவுகோலைப் பதித்துத் தாம் ஒப்பமிட்ட கேர்னலை நேரே எழுப்பவும் செய்யலாம். 2012இல் வெளியான விண்டோஸ் ஆர்.ரி. கருவிகளில் அவ்வுரிமை வழங்கப்படவில்லை. இருவகைக் கருவியிலும் ஒரே தொழில்நுட்பம். படிகளின் எண்ணிக்கையும் ஒன்றே. முன்னையதில் உரிமையாளர் தலைவர். பின்னையதில் அவர் குடியிருப்பாளர்.

சாதாரண மனிதர் திறவுகோல் செய்யவும் ஒப்பமிடவும் கற்பாரோ என்று மறுத்துரைக்கலாம். பெரும்பாலோர் கல்லார் என்பது உண்மையே. அவர்கள் மற்றொருவரை நம்பியே தீர வேண்டும். ஒருவகையில் மீண்டும் ஓர் இடையாள் வந்துவிடுகின்றான். ஆனால் இவன் மாற்றத்தக்கவன். இன்று ஒரு குழுவினரின் ஒப்பத்தை ஏற்றவர் நாளை அதனை நீக்கி வேறொரு குழுவினரின் ஒப்பத்தை ஏற்கலாம். துண்டுக்காலத் தொழிலாளிக்குக் கங்காணியை மாற்றும் உரிமை கடனாற் பறிக்கப்பட்டிருந்தது. 1948இன் பின் அவன் பேரனுக்கு, எந்தச் சான்றை அரசு ஏற்க வேண்டும் என்பதில் சொல்லே இருக்கவில்லை. சில்லில் முன்னரே பதிந்துள்ள திறவுகோலைப் பற்றிப் பேசுவோர், அது எத்துணை வலிமையானது என்று வினவுவதற்கு முன், அதனை வாங்கியவர் அழிக்க முடியுமா என்று வினவுதல் தகும்.