அளவுகோல் யாருடையது?

ஒரு மனிதனை எதைக் கொண்டு அளப்பது? வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் நாளாந்தம் ஒருவரையொருவர் அளந்துகொண்டுதான் இருக்கின்றோம். ஆனால், அளக்கின்ற கோலைப் பற்றிச் சிந்திப்பவர் சிலரே.

1904 ஆம் ஆண்டு அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஒலிம்பிக் விளையாட்டுக்கள் நடைபெற்றன. அதில் பங்குபற்றியவர்களுள் ஜோர்ஜ் ஐசர் ஒருவர். ஜேர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கணக்கெழுதும் தொழில் பார்த்தவர். புகையிரதத்தில் அடிபட்டு இடது காலை இழந்தமையால் மரக்கால் பொருத்தியிருந்தார்.

யூலை மாதத்தில் ஓட்டம், நீளம் பாய்தல், குண்டு எறிதல் மூன்றும் சேர்ந்த போட்டியில் அவருக்குக் கிடைத்தது 118 ஆவது இடம். அதாவது கடைசி இடம். ஒக்டோபர் 29 ஆம் திகதி ஜிம்னாஸ்ரிக் போட்டிகள் நடந்தன. சமாந்தரச் சட்டத்திலும் கயிறேறலிலும் தங்கம். குதிரை தாண்டலில் இன்னொருவரோடு பகிர்ந்துகொண்ட தங்கம். மேலும் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். ஒரே நாளில் ஆறு பதக்கங்கள்!

யூலையிலும் ஒக்டோபரிலும் மனிதர் அவரே, மரக்காலும் அதுவே. மாறியது அளவுகோல் மட்டுமே.

ஆயினும், இக்கதையில் ஓர் ஆபத்தும் உண்டு. “மரக்காலோடு அவர் வென்றாரே, உனக்கென்ன?” என்று வலுக்குறைந்த ஒருவரைக் கேட்கத் தொடங்கினால், ஐசரையே இன்னொரு கொடிய அளவுகோலாக்கி விடுகின்றோம். பதக்கம் பெற்றதனால்தானா அவர் மதிப்புக்குரியவரானார்? கடைசியாக வந்த அன்று அவருடைய மதிப்புக் குறைந்திருந்ததா?

அறிவு வளர்ச்சியில் குறைபாடுடையோருக்காக யூனிஸ் கெனடி ஷ்ரைவர் அம்மையார் 1968 இல் சிக்காகோவில் விசேட ஒலிம்பிக் விளையாட்டுக்களைத் தொடக்கி வைத்தார். இன்று ஜிம்னாஸ்ரிக்கும் அதில் ஒரு போட்டி. வயதையும் ஆற்றலையும் பார்த்து, ஏறக்குறைய ஒத்தவர்களை ஒரே பிரிவில் சேர்க்கின்றனர். இது சலுகை என்பார் உளர். குத்துச்சண்டை வீரரை நிறை பார்த்துப் பிரிப்பதை எவரும் சலுகை என்பதில்லையே! எல்லோரையும் ஒரே கோலால் அளப்பது எப்போதும் நீதியாகாது.

நம் வீட்டிலும் அயலிலும் அத்தகைய பிள்ளைகள் உண்டு. வெட்கத்தினால் சிலரை மறைக்கின்றோம். பாசத்தினால் சிலரை மூலையில் இருத்துகின்றோம். “இவனால் என்ன முடியும்?” என்று கேட்குமுன், “முயன்று பார்க்க நாம் இடம் கொடுத்தோமா?” என்று கேட்போம். முயன்ற பின்னும் கடைசியாக வந்தால்? அப்போதும் அவன் நம் பிள்ளையே. அந்த மதிப்பை அளக்கக் கோல் வேண்டியதில்லை.