ஆறு அங்குலத் துணி

ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலைக் குன்றில் சீனிவாசப் பெருமாளைச் சேவித்து இறங்குகிறவர்கள், ஆண்டாள் சந்நிதிக்கும் போய் வருவதுண்டு. அங்கே அவள் ஏந்தியிருக்கும் கிளியைப் பாருங்கள். மரவள்ளி இலையால் உடல், மாதுளம்பூவால் மூக்கு. தினமும் புதிதாகச் செய்கிறார்கள். வீட்டில் என்ன கவலை இருந்தாலும், இன்றைய கிளிக்கு இன்றைய இலையைத்தான் மடித்தாக வேண்டும்.

ஊசி வேலையும் அப்படித்தான். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானது. சாங்கி சிறையில் அடைபட்ட பெண்கள் பலருக்குக் கணவர் உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஆளுக்கு ஓர் ஆறு அங்குலச் சதுரத் துணி கிடைத்தது. அதில் பூவைத் தைத்தார்கள், வீட்டைத் தைத்தார்கள், தங்கள் பெயரையும் தைத்தார்கள். 66 சதுரங்கள் சேர்ந்து ஒரு போர்வை ஆயிற்று. படை மருத்துவமனைக்குப் போகும் அந்தப் போர்வையில் தன் பெயரைக் கணவர் பார்த்தால், ‘உயிரோடுதான் இருக்கிறாள்’ என்று தெரிந்துகொள்வாரே என்ற நம்பிக்கை.

நூல் நுனியை நனைத்து, முறுக்கி, ஊசிக் காதில் கோத்துப் பாருங்கள். அந்த நொடியில் மூச்சு தானாக அடங்கும். கண்ணுக்குத் தெரிவது அடுத்த தையல் மட்டுமே. துன்பம் அப்படியேதான் இருக்கும். ஆனால் அதைச் சுமக்கும் மனம் கொஞ்சம் நிதானப்பட்டிருக்கும்.

வாழ்க்கை முழுவதையும் இன்றே தைத்து முடிக்க வேண்டாம். ஒரு விரற்கடை போதும்.